லிப்ட் போட்ட ஹைலக்ஸில் புதுச் சத்தமா? எஞ்சினை இறக்குவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

என் வண்டி 2009 டோயோட்டா ஹைலக்ஸ் வீகோ பிக்கப், 2.5 டீசல், மேனுவல் கியர். வாங்கும்போதே பழைய சொந்தக்காரர் வண்டியை இரண்டு இஞ்ச் உயர்த்தி லிப்ட் போட்டிருந்தார். அதற்கு மேல் என் கைங்கரியம்: ஸ்னோர்கல், மூன்று இஞ்ச் எக்ஸாஸ்ட் பைப், முன்னால் இரும்பு பம்பர், வின்ச், அப்புறம் 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) ஒரேயடியாக 3.35-க்கு ஏறியதும் "எண்ணெய் மிச்சமாகும் பாஸ்" என்று ஒருவர் சொன்னதை நம்பி வாங்கிய, டீசல் போகும் அளவை மாற்றுகிற சிப் பெட்டி. போன வருஷம் கோலாலம்பூர் செந்தூல் சிக்னலில் நிற்கும்போது ஒரு சத்தம் ஆரம்பித்தது. டக் டக்... டக்... டக் டக் டக். மூன்று போமன்களிடம் (மெக்கானிக்குகளிடம்) காட்டினேன். முதல் ஆள் இன்ஜெக்டர் நாலையும் மாற்று, நாலாயிரம் வெள்ளி என்றார். இரண்டாவது ஆள் கிராங்க் பேரிங் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார். மூன்றாவது ஆள் பார்க்கக்கூட இல்லை, ஹாப்கட் எஞ்சின் (வெட்டி எடுத்த பழைய வண்டியின் எஞ்சின்) ஒன்று வருகிறது, மாற்றிவிடலாம் என்றார். மூன்றும் தப்பு. அது என்ன என்பதை ஏர்கான் பகுதியில் சொல்கிறேன். அந்த நான்கு வாரம் அலைந்ததில் கற்றதைச் சத்தத்தின் வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன், உங்கள் வண்டிக்கு எது பொருந்துகிறதோ அங்கே போய்ப் படியுங்கள்.

முதலில், ஓட்டவே கூடாத சத்தங்கள்

ஆயில் விளக்கு மினுக்கினாலும் சரி, அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி கனமான "தொம் தொம்" சத்தம் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பெரிதானாலும் சரி, ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். வீடு வரைக்கும் மட்டும் ஓட்டிப் பார்க்கிறேன் என்று போனவர்கள்தான் எஞ்சின் வாங்குகிறார்கள். சமமான தரையில் நிறுத்தி, சில நிமிஷம் விட்டு, டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் காரணம் பாதி தெரிந்துவிட்டது. அளவு கூடியிருந்தால் இன்னும் கவலைப்படுங்கள், ஏனென்றால் எஞ்சின் ஆயில் தானாகக் கூடாது, அதில் டீசலோ தண்ணீரோ கலக்கிறது என்று அர்த்தம், டீசலென்றால் முகர்ந்தாலே தெரியும். டீசல் கலந்த ஆயில் நீர்த்துப் போய் பேரிங்கைக் காக்காது.

டர்போவிலிருந்து போலீஸ் சைரன் மாதிரி ஒரு ஊளை வந்து, பின்னால் நீலப்புகையும் போனால் அதுவும் இதே கணக்குதான். டர்போவின் சீல் போய் எஞ்சின் தன் ஆயிலையே குடிக்க ஆரம்பித்தால் சாவியைத் திருப்பினாலும் டீசல் எஞ்சின் நிற்காது. மேனுவல் வண்டியென்றால் பிரேக்கை முழுசாக மிதித்து, ஐந்தாவது கியரில் போட்டு, கிளட்சை விட்டு மூச்சடைக்க வையுங்கள். படிக்கும்போதே மனசில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது.

தாளம் தவறுகிறதா?

800 ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு 800 சுற்று) பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஒரு வினாடிக்கு 13 தடவை சுற்றும், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாப்ட் அதில் பாதி, ஆறேழு தடவை. ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிகிறது. ஆகவே ஒற்றை இன்ஜெக்டர், ஒற்றை வால்வு, ஒற்றை சிலிண்டர் சம்பந்தப்பட்ட சத்தம் வினாடிக்கு ஆறேழு அடியாகத்தான் இருக்கும், ஒரு விரலால் டேஷ்போர்டில் கூடவே தட்ட முடியும். கிராங்கோடு சேர்ந்து சுற்றுகிற புல்லி, பிளைவீல் சத்தமென்றால் அதைவிட இரண்டு மடங்கு வேகம், விரல் தோற்றுப்போகும். இரண்டையும் தாண்டி "ர்ர்ர்" என்று ஒரே இழையாக நடுங்கினால் பெரும்பாலும் ஹீட் ஷீல்டு மாதிரி ஏதோ தகடு, எஞ்சின் அதிர்வுக்கு ஆடுகிறது.

இதைவிட எனக்கு உதவியது வேறொன்று. எஞ்சினுக்குள்ளிருந்து வரும் சத்தம் தைப்பூசத்துக்கு பத்துமலையில் அடிக்கிற உறுமி மேளம் மாதிரி, வேகம் கூடும் குறையும், ஆனால் தாளம் தவறாது. என் சத்தம் இரண்டு அடி, ஒரு இடைவெளி, மூன்று அடி, அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை என்று இஷ்டத்துக்கு வந்தது. அப்படி வந்தால் உள்ளே உடைந்திருப்பதைவிட வெளியே ஏதோ ஒன்று இன்னொன்றில் இடிப்பதற்கான வாய்ப்புதான் அதிகம். கிராங்க் பேரிங் போய்விட்டது என்று சொன்னவர் இதைக் காது கொடுத்துக் கேட்கவே இல்லை.

வாட்ஸ்ஆப் வாய்ஸ் நோட்டில் சத்தத்தைப் பதிந்து அனுப்பாதீர்கள், அது மனிதக் குரலுக்கென்று செய்தது, அடிச் சத்தமெல்லாம் கரைந்துவிடும். வீடியோ எடுத்து அனுப்புங்கள், ஆர்பிஎம் முள்ளும் படத்தில் தெரிகிற மாதிரி.

காலையில் டிக் டிக், சூடானதும் காணோம்

இது எக்ஸாஸ்ட் கசிவின் குணம். மேனிபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள கேஸ்கெட்டிலோ டர்போவுக்குப் பின்னால் பைப் சேரும் இடத்திலோ சின்ன இடைவெளி இருந்தால், குளிரில் டிக் டிக் என்று காற்று தெறிக்கும், இரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி தானே அடைபடும். கரி படிந்த கறுப்புக் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை மூட்டுகளின் பக்கமாக நகர்த்தினால் கசியும் இடத்தில் காதில் அறைந்த மாதிரி கேட்கும். பேனும் பெல்ட்டும் சுற்றுகிற பக்கம் குழாயையோ சட்டை நுனியையோ கொண்டுபோகாதீர்கள்.

மூன்று இஞ்ச் பைப் போட்டவர்களுக்கு இது சீக்கிரம் வரும். கனமான பைப்பை ஹேங்கர் ரப்பர் சரியாகத் தாங்காவிட்டால் மொத்த எடையும் டர்போ வாயில்தான் தொங்கும்.

"டேப்பட் (வால்வு) சத்தம்தான், ஆயில் மாற்றினால் போய்விடும்" என்று யாராவது சொன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். இந்த 2.5, 3.0 எஞ்சின்களில் ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிப்டர் கிடையாது, வால்வு இடைவெளியை அளந்து ஷிம் என்கிற சின்னத் தகட்டை மாற்றித்தான் சரி செய்ய வேண்டும். கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் கொஞ்சம் அமுங்கும், அவ்வளவுதான்.

ட்ச்சஃப் ட்ச்சஃப், கூடவே புகை வாடை

இதை லேசாக எடுக்காதீர்கள். குறிப்பாக 3.0 எஞ்சினில், இன்ஜெக்டருக்கு அடியில் ஒரு செம்பு வாஷர் இருக்கும். அது போனால் எரியும் வாயு இன்ஜெக்டரின் ஓரமாக மேலே ஏறி, கரியாகி, ஆயிலோடு கலந்து, அடியில் ஆயிலை உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். வலை அடைந்தால் ஆயில் மேலே ஏறாது, எஞ்சின் இறுகி நின்றுவிடும். சத்தத்துக்கும் சாவுக்கும் நடுவில் மாதக்கணக்கில் நேரம் இருக்கும் என்பதால்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாஷர் சின்ன காசு, ஆனால் இன்ஜெக்டரைக் கழற்றி மாட்டும் கூலி சின்னதல்ல. மாற்றுகிறவர் அடியில் உள்ள ஆயில் தொட்டியை (சம்ப்) கழற்றி வலையையும் பார்த்தாரா என்று கேளுங்கள், பார்க்காவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய டீசலில் போமன்கள் எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பார்கள். இந்த மாதிரி காமன்ரயில் எஞ்சினில் (ரயில் என்கிற ஒரே குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் உயர் அழுத்த டீசல் போகும்) அதைச் செய்யவே கூடாது. அந்தப் பைப்பில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் போகும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையை எடுக்க வேண்டி வந்தவர்கள் உண்டு. இன்ஜெக்டர் பிளக்கிலும் உயர் வோல்ட் உண்டு. ஸ்கேனர் மாட்டி நாலு இன்ஜெக்டரின் திருத்த அளவுகளைப் படித்தால் போதும், மூன்று ஒரு பக்கமும் ஒன்று மட்டும் விலகியும் இருந்தால் அதுதான் ஆள். என் வண்டியில் நாலும் ஒன்றையொன்று ஒட்டியே இருந்தன, ஆகவே நாலாயிரம் வெள்ளி தப்பியது.

சிப் பெட்டியைக் கழற்றுங்கள்

வேறு எதையும் சோதிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது, நான் கடைசியில்தான் செய்தேன். மலிவான பெட்டிகள் பெரும்பாலும் ரயில் அழுத்தம் குறைவாக இருப்பதாக எஞ்சின் கம்ப்யூட்டரை ஏமாற்றி அழுத்தத்தை ஏற்றிவிடும். டீசல் வேகமாகவும் அதிகமாகவும் போய், எரியும்போது "கடகட" என்று கரடுமுரடாகக் கேட்கும். எஞ்சினை அணைத்துவிட்டு பெட்டியைக் கழற்றி, பழைய பிளக்கை நேராக மாட்டி, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போனால் வழக்கு முடிந்தது. எண்ணெய் மிச்சமானதா என்று கேட்காதீர்கள்.

கீச், உறுமல், ஊஊ

மழை பெய்த காலையில் மட்டும் கீச் என்றால் பெல்ட். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் பள்ளங்கள் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: சத்தம் சட்டென்று நின்று திரும்பி வந்தால் பெல்ட் தேய்ந்திருக்கிறது அல்லது புல்லி கோணலாக இருக்கிறது, தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் டென்ஷன் போதவில்லை. ஆற்றுக்குள் இறங்குகிறவர்களுக்கு சேறு பேரிங்குக்குள் போய் உறுமல் வரும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஆல்டர்னேட்டர், ஐட்லர், ஏர்கான் கம்ப்ரஸர் உடம்பில் ஒவ்வொன்றாக வைத்து, பிடியைக் காதோரம் வையுங்கள், கெட்ட பேரிங் மணல் அரைப்பது போலக் கேட்கும். இன்னும் சந்தேகமென்றால் பெல்ட்டையே கழற்றிவிட்டு அரை நிமிஷம் மட்டும் ஓடவிடலாம். தண்ணீர் பம்ப் சுற்றாது, அதனால் அரை நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். சில டீசல் எஞ்சின்களில் பிரேக்குக்கு வேக்கம் கொடுக்கும் பம்ப்பும் ஆல்டர்னேட்டரோடு சுற்றும், அப்படியென்றால் பிரேக்கும் கல்லாகிவிடும், ஆகவே சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே சோதியுங்கள்.

இந்த எஞ்சினில் கேம்ஷாப்டை ஓட்டுவது ரப்பர் டைமிங் பெல்ட். முன்பக்கத்து பிளாஸ்டிக் மூடிக்குள் சரசரப்போ உறுமலோ கேட்டால் பொறுத்துப் பார்க்கிற வேலை வேண்டாம், பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் சந்திக்கும். கிலோமீட்டர் கணக்கு முடிந்தால் டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும், ஆனால் பழைய வண்டி வாங்கியவர்கள் அதை நம்ப வேண்டாம், பெல்ட்டை மாற்றாமலே விளக்கை மட்டும் அணைக்க முடியும்.

கோலாலம்பூருக்கு வெளியே காராக் மலையேற்றத்தில், கெந்திங் செம்பா போகும்போது டர்போ மூச்சிழுக்கும் நேரத்தில் மட்டும் "ஊஊ" என்றால் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய் மூட்டுகளைத் தடவிப் பாருங்கள், கசிகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். கூடவே இழுவையும் குறைந்து கறுப்புப் புகையும் வந்தால் ஏறக்குறைய உறுதி. ஸ்னோர்கல் போட்ட பிறகு டர்போ சத்தம் சன்னல் ஓரத்தில் கேட்பது சாதாரணம், காற்று வாங்கும் வாயே உங்கள் காது பக்கத்தில்தானே இருக்கிறது.

முதல் ஸ்டார்ட்டில் பெரிய காற்றாடி மாதிரி இரைந்து ஒன்றிரண்டு நிமிஷத்தில் அடங்கினால் அது ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றும் விஸ்கஸ் பேன், விட்டுவிடுங்கள். ஆனால் பாடி லிப்ட் போட்டவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். சஸ்பென்ஷன் லிப்ட் வேறு, பாடி லிப்ட் வேறு. பாடியைத் தூக்கினால் ரேடியேட்டரும் பேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடும் பாடியோடு மேலே போகும், பேன் எஞ்சினோடு அங்கேயே இருக்கும். கூட்டின் கீழ்விளிம்பில் பேன் இலை உரசும், பள்ளத்தில் இறங்கும்போது "க்ரக்" என்று கேட்கும்.

ஏர்கான் போட்டால் மட்டும்

என் கதை இதுதான். காலையில் சத்தம் இல்லை. இருபது நிமிஷம் ஓடிய பிறகு, சிக்னலில் நின்றால், ஏர்கான் ஓடினால் மட்டும் வரும். கோலாலம்பூரில் ஏர்கான் இல்லாமல் யார் ஓட்டுகிறார்கள், அதனால் இந்த மூன்றாவது நிபந்தனையைக் கவனிக்கவே எனக்கு மூன்று வாரம் ஆனது.

கடைசியில் பத்துமலைப் பக்கம் ஒரு மூத்த போமனிடம் போனேன், எல்லாரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பானட்டைத் திறக்கவில்லை. தரையில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, டார்ச்சோடு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

"தம்பி, ஏர்கானைப் போடு."

போட்டேன்.

"அணை."

அணைத்தேன்.

"போடு... சரி, அணைச்சிட்டு இங்க வந்து படு."

படுத்துப் பார்த்தேன். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம் முழுக்க சேறும் துருவுமாக இருக்க, ஒரே ஒரு இடத்தில் இருபது காசு அளவுக்கு வெள்ளி மாதிரிப் பளபளவென்று தேய்ந்திருந்தது. அதற்கு நேர் எதிரில் என் மூன்று இஞ்ச் பைப்பில் அதே அளவு நசுங்கல். "இதுதான் உன் கிராங்க் பேரிங்," என்றார். அப்புறம் என்னை மறுபடி ஏர்கானைப் போடச் சொல்லிவிட்டு, ஒரு மரக்கட்டையைப் பைப்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் சொருகி நெம்பினார், சத்தம் நின்றது. விட்டார், வந்தது. மூன்று தடவை செய்து காட்டினார். நெம்பினால் நிற்கவும் விட்டால் வரவும் செய்கிறதே, அதற்குமேல் எதையும் பிரிக்க வேண்டியதில்லை.

நடந்தது இவ்வளவுதான். கம்ப்ரஸர் சேர்ந்ததும் எஞ்சினுக்குச் சுமை ஏறி அது ஒரு பக்கமாகச் சாயும். எஞ்சினைத் தாங்கும் இடது மவுண்டின் ரப்பர் தளர்ந்திருந்ததால் அளவுக்கு மேல் சாய்ந்தது. பைப் சூட்டில் நீளவும் செய்யும்: இரும்பு 100 டிகிரி சூடானால் மீட்டருக்கு 1.2 மில்லிமீட்டர் நீளும், இரண்டு மீட்டர் பைப் 200 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். குளிரில் இருந்த இடைவெளியே அவ்வளவுதான். பழைய எக்ஸாஸ்ட்டில் இந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ள வளைந்துகொடுக்கும் இணைப்பு இருந்தது, பைப் செய்தவர் அதை வெட்டி எறிந்துவிட்டு நேராக வெல்டிங் அடித்துவிட்டார். சட்டம் சேஸிஸில் பூட்டியிருப்பதால் இடி சேஸிஸ் வழியாகப் போய் எஞ்சினிலிருந்து வருகிற மாதிரியே உள்ளே கேட்டிருக்கிறது. புது மவுண்ட், நடுவில் துருத்தி மாதிரி வளைந்துகொடுக்கும் ஒரு பெல்லோஸ் இணைப்பு, ஒரு ஹேங்கர், கூலியோடு 400 வெள்ளிக்குள் முடிந்தது.

ஆகவே உங்களுக்கும் ஏர்கான் போட்டால்தான் சத்தமென்றால், கம்ப்ரஸரை மாற்றுவதற்கு முன்னால் அடியில் படுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். லிப்ட் போட்ட வண்டிக்கு ஜாக்கே தேவையில்லை, அதில் இருக்கிற ஒரே உருப்படியான லாபம் இதுதான்.

கிளட்ச், அப்புறம் ரோட்டு வேகம்

நியூட்ரலில் சத்தம் இருந்து கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் முன் பேரிங் பக்கம், மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். எஞ்சினைக் குறை சொல்லாதீர்கள்.

ஆர்பிஎம்மோடு மாறாமல் வண்டி வேகத்தோடு மட்டும் கூடிக் குறைந்தால் எஞ்சினே இல்லை. மட் டயர் போட்டிருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான், நல்ல தாரில் ஒரு மாதிரியும் சிமென்ட் ரோட்டில் வேறு மாதிரியும் பாடும். லிப்ட்டினால், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாப்ட்டின் கோணம் ஏறி, ஜாயின்ட்டும் நடு பேரிங்கும் சீக்கிரம் தேயும். புறப்படும்போது அடியில் நடுங்கினால், ரிவர்ஸ் மாற்றும்போது "டங்" என்றால், அங்கே பாருங்கள்.

போமனிடம் போகும்போது

"எஞ்சின்ல சத்தம் அண்ணே" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதைச் சொல்லித்தான் நான் மூன்று கடையில் மூன்று பதில் வாங்கினேன். குளிரிலா சூட்டிலா, நிற்கும்போதா ஏற்றத்திலா, ஏர்கான், கிளட்ச், எத்தனை ஆர்பிஎம், தாளம் உண்டா இல்லையா, கடைசியாக வண்டியில் என்ன மாட்டினீர்கள், எப்போது மாட்டினீர்கள். கடைசிக் கேள்விக்கு வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள், பைப் மாட்டி இரண்டு மாதம்தான் ஆகிறது என்பதை நான் மூன்று பேரிடமும் சொல்லவில்லை. வண்டியை முந்தின நாளே விட்டுவிட்டு வந்தால் காலைக் குளிரில் அவரே கேட்பார், சூட்டில்தான் வருமென்றால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டுங்கள். பிரிக்கலாமா என்று கேட்டால், எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள், காட்டுங்கள் என்று கேளுங்கள். அங்கிள் மாதிரி மரக்கட்டையை வைத்து நிறுத்திக் காட்ட முடிந்தவரிடம் சாவியைக் கொடுக்கலாம்.